பாராட்டியது போதும், பிள்ளைகள் காரணம் எழுதட்டும்

ஒவ்வொரு மே மாதமும் பொதுத்தேர்வு முடிவு வந்ததும் போடிநாயக்கனூர் முழுக்க ஃப்ளெக்ஸ் பலகைகள் முளைத்துவிடுகின்றன. கணக்கில் நூறு, வேதியியலில் நூறு என்று படத்தோடு போட்டிருப்பார்கள். நம் தெருக்களிலும் யார் தேறினார்கள், யாருக்குக் கணக்கு போய்விட்டது என்பதுதான் பேச்சு. தமிழைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தமிழ்தானே, எதையாவது எழுதினால் 35 வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம்.

நம் பிள்ளைகள் அதிகம் இழப்பது அந்தத் தமிழ்த் தாளில்தான் என்கிறோம் நாங்கள். அந்த இழப்பு மதிப்பெண் பட்டியலில் தெரியாது. பன்னிரண்டு வருடம் கதையும் கவிதையும் படித்த பிள்ளை, ஒரு கதையைப் பற்றி "என் முடிவு இது, அதற்கு ஆதாரம் கதையில் இந்த இடம், காரணம் இது" என்று பத்து வரி சொந்தமாக எழுதாமலே பள்ளியை விட்டு வெளியே வருகிறது. இலக்கியத்தை ஆராய்ந்து ஒரு பத்தி எழுதுவது பட்டம் படித்தவர்களின் வேலை என்று நம்மவர்களே நினைக்கிறார்கள். அது சேரிப் பிள்ளைக்கும் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கும் சோற்றுக்கு அடுத்து வேண்டிய பயிற்சி என்பது எங்கள் கருத்து.

நயம் பாராட்டுக

மேல்நிலை வகுப்புத் தமிழில் ஒரு கேள்வி உண்டு. ஒரு பாடலைக் கொடுத்து "நயம் பாராட்டுக" என்பார்கள். நம் பள்ளிக்கூடத்தில் இலக்கியத்தை அலசி எழுதச் சொல்லும் இடம் என்றால் பெரும்பாலும் அது ஒன்றுதான். அதற்கான பதிலைப் பிள்ளைகள் பாடலைப் பார்க்கும் முன்பே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, முரண், அணி, சந்தம், சுவை என்று தலைப்புகள் வரிசையாக நிற்கும். மோனைக்கு யானையை ஒப்பிட்டு ஒரு சொலவடை, எதுகைக்கு வைகையை ஒப்பிட்டு ஒரு சொலவடை. கீழே முதலெழுத்து ஒத்துவரும் இரண்டு சொல், இரண்டாம் எழுத்து ஒத்துவரும் இரண்டு சொல். அவ்வளவுதான், மதிப்பெண் வந்துவிடும். பாடல் மழையைப் பற்றியதா, மரணத்தைப் பற்றியதா என்று பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

அணி நயத்துக்கு ஒரு வாசகம் சொல்லித் தருவார்கள். அணி இல்லாத கவிதை நகை இல்லாத பெண்ணைப் போன்றது என்ற பொருளில் வரும். காதில் கிடந்த கம்மலை அடகுக் கடையில் வைத்துவிட்டு ஏலக்காய் குடோனுக்கு வேலைக்குப் போகும் அம்மாவின் மகள், இந்த வாசகத்தை அழகான கையெழுத்தில் எழுதி, அடிக்கோடிட்டு, மதிப்பெண் வாங்குகிறாள். நகை இல்லாத பெண்ணுக்கு என்ன குறை என்று கேட்க அந்த விடைத்தாளில் இடமில்லை.

எதுகை மோனை தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஓசை இல்லாமல் பாட்டு இல்லை. ஒப்பாரியும் கும்மியும் தாலாட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓசையின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மோனை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. அந்த இடத்தில் அந்த ஓசை என்ன செய்கிறது என்று சொல்வது மீதி வேலை. வல்லின எழுத்துகள் அடுக்கி வரும்போது வரி கோபமாகிறதா, வேகமாகிறதா, மூச்சு முட்டுகிறதா? இதைக் கேட்காமல் எழுத்துகளை மட்டும் பொறுக்கி எழுதுவது இருப்புக் கணக்கு எடுப்பதற்குச் சமம்.

இன்னொரு சிக்கல் கேள்வியிலேயே இருக்கிறது. பாராட்டு என்று சொல்லித்தான் கேட்கிறார்கள். பாடல் பிடிக்கவில்லை, இந்த உவமை சரியில்லை, இந்தப் பாட்டில் எங்களை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்கலாமா? கேட்டால் மதிப்பெண் உண்டா? தலைமுறை தலைமுறையாகக் கைகட்டி நின்று பாராட்டவே பழக்கப்படுத்தப்பட்ட சமூகம் நாம். பண்ணையாரின் பெருந்தன்மையைப் பாராட்டினோம். தோட்ட முதலாளி தீபாவளிக்குக் கொடுத்த துணியைப் பாராட்டினோம். பள்ளிக்கூடமும் அதையே கேட்டால் பிள்ளைக்குப் புதிதாக என்ன கிடைக்கும்?

கேள்வி கேட்பது வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் சொல்வார்கள். தமிழ் மரபிலேயே அது இருக்கிறது. சங்கப் பாடல்களின் கீழே தலைவி கூற்று, தோழி கூற்று என்று குறிப்பு இருக்கும். பேசுவது யார், யாரிடம் பேசுகிறார், எந்த நேரத்தில் பேசுகிறார் என்பதைத் தெரிந்துகொண்டு படி என்பதுதான் அதன் பொருள். உரையாசிரியர்கள் ஒரு சொல்லுக்காக ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டிருக்கிறார்கள், காரணம் காட்டி மறுத்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நம் பக்கத்திலிருந்து ஒரு படி நீட்டினால் போதும்: பேசாமல் இருப்பது யார்? இந்த நிலத்தில் வேலை செய்கிறவர் யார்? தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்துப் பேசுகிறது. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காட்டில் காய் எடுக்கும் பெண்ணின் மகள், குறிஞ்சித் திணையைப் படிக்கும்போது இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? குறிஞ்சி நிலத்தில் அவள் அம்மா தினமும் பத்து மணி நேரம் நிற்கிறாள். குறிஞ்சிப் பாட்டில் அம்மாவுக்கு எங்கே இடம் என்று கேட்பது தமிழை அவமதிப்பது ஆகாது. தமிழைக் கவனமாகப் படிப்பது அதுதான்.

ஏலக்காய் தரம் பிரிப்பது போல

ஆராய்ந்து எழுதும் பத்தி என்றால் என்ன? மூன்று வேலைதான். ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைப் பனுவலில் காட்ட வேண்டும். காட்டியது எப்படிச் சொன்னதை நிரூபிக்கிறது என்று விளக்க வேண்டும். சொல், காட்டு, விளக்கு. எங்கள் மாலை வகுப்பில் இப்படித்தான் சொல்லித் தருகிறோம்.

இதைப் புரியவைக்க நம் ஊரில் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை. ஏலமலையிலிருந்து இறங்கும் காய் போடி குடோன்களுக்கு வருகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடப்பது போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும்தான். அந்த ஏலத்துக்கு முன்னும் பின்னும் காயைத் தரம் பிரிப்பது நம் பெண்கள். பச்சை குறையாதது ஒரு குவியல், வெளுத்தது ஒரு குவியல், பருத்தது தனி, சிறுத்தது தனி, வாய் பிளந்தது தனி. இந்தக் காயை ஏன் இங்கே போட்டாய் என்று எந்த அம்மாவைக் கேட்டாலும் காயைக் கையில் எடுத்துக் காட்டிக் காரணம் சொல்வார். "சும்மா தோணுச்சு" என்று சொல்லமாட்டார். சொன்னால் அந்த வேலையில் நிலைக்க முடியாது.

நாங்கள் பிள்ளைகளிடம் கேட்பதும் அதுதான். இந்தச் சொல்லை ஏன் எழுத்தாளர் இந்த இடத்தில் போட்டார்? நீ சொல்லும் முடிவுக்குக் காய் எங்கே, எடுத்துக் காட்டு. அம்மாவுக்குத் தெரிந்த வேலையின் இன்னொரு வடிவம் இது என்று தெரிந்ததும் பிள்ளைகளின் பயம் பாதி குறைந்துவிடுகிறது. படிக்காத வீடு என்று யார் சொன்னது? காரணம் சொல்லும் அறிவு அந்த வீட்டில் இருக்கிறது. அதைத் தாளில் இறக்கும் பழக்கம்தான் இல்லை.

ஒரு கதை, மூன்று பத்தி

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கந்தர்வனின் 'தண்ணீர்' கதை இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர். வந்து நிற்கும் பாசஞ்சர் ரயிலின் குழாயில்தான் பெண்கள் அவசர அவசரமாகத் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஒருநாள் இந்திரா ரயிலில் இருக்கும்போதே ரயில் கிளம்பிவிடுகிறது. ஊரே தேடுகிறது. கடைசியில் அவள் தண்டவாளத்தை ஒட்டித் தண்ணீர்க் குடத்தோடு நடந்து வருகிறாள்.

இந்தக் கதையின் முடிவு பற்றி எழுதச் சொன்னால் முதலில் வருவது இப்படி இருக்கும்:

"தண்ணீர் என்னும் இச்சிறுகதை மிகச் சிறந்த கதையாகும். இக்கதை நீரின் இன்றியமையாமையை நமக்கு உணர்த்துகிறது. எனவே நாம் அனைவரும் மழைநீரைச் சேமித்து நாட்டை வளப்படுத்துவோமாக."

தவறு எதுவும் இல்லை. ஆனால் கதையைப் படிக்காமலே இதை எழுதிவிடலாம். இந்திராவின் பெயர்கூட இதில் இல்லை.

அதே பிள்ளையிடம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "என்னம்மா நடந்துச்சு, உனக்கு எது மனசுல நிக்குது?" என்று கேளுங்கள். "அந்தப் புள்ள ரயில்ல மாட்டிக்கிருச்சு. எல்லாரும் செத்துப்போச்சோன்னு அழுகுறாங்க. அது தண்ணியோட நடந்து வருது. பயந்திருக்கும்ல, அப்பவும் தண்ணியக் கொட்டல" என்று சொல்லும். ஆராய்ச்சி இங்கேயே தொடங்கிவிட்டது. 'அப்பவும் கொட்டல' என்பதில் ஒரு முடிவும் இருக்கிறது, ஆதாரமும் இருக்கிறது. இனி ஏன் என்று மட்டும் கேட்க வேண்டும். ஏன் கொட்டவில்லை? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? அவள் அப்படிச் செய்யாததிலிருந்து அந்த ஊரைப் பற்றி என்ன தெரிகிறது?

இந்தக் கேள்விகளுக்குப் பிறகு எழுதினால் பத்தி இப்படி வரும்:

"கதையின் முடிவில் இந்திரா உயிரோடு திரும்பி வருவது நமக்கு நிம்மதி தருகிறது. ஆனால் கந்தர்வன் அந்த நிம்மதியோடு மட்டும் நம்மை விடவில்லை. அவள் தண்ணீர்க் குடத்தோடு தண்டவாளத்தை ஒட்டி நடந்து வருவதாகக் காட்டுகிறார். தெரியாத இடத்தில் தனியாக மாட்டிக்கொண்ட பெண் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவரத்தான் நினைப்பாள். இந்திரா அப்படிச் செய்யவில்லை. தன் பயத்தைவிட அந்தக் குடம் பெரியது என்று ஊர் அவளுக்குப் பழக்கியிருக்கிறது. அதனால் இந்த முடிவை அவளுடைய துணிச்சலுக்குக் கிடைத்த வெற்றி என்று மட்டும் படிக்க முடியாது. ஒரு பெண்பிள்ளையிடம் இவ்வளவு எதிர்பார்க்கும் நிலைமையின் கொடுமையும் அதில் தெரிகிறது."

எட்டு வரி. கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. சொல்கிறது, காட்டுகிறது, விளக்குகிறது. ஆசிரியர் இதோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். துணிச்சல்தான் முக்கியம் என்று இன்னொரு பிள்ளை எழுதலாம். அதற்கும் கதையில் இடம் காட்டினால் அதுவும் சரிதான். காட்டாமல் சொன்னால் முதல் பிள்ளை மறுக்கலாம். ஒரு வகுப்பில் இரண்டு நல்ல பதில் இருக்க முடியும் என்பதைப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பார்கள்.

இந்தப் பயிற்சி நம்மையும் கட்டுப்படுத்தும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் என்றதும் நமக்கு 1927-ல் அண்ணல் அம்பேத்கர் நடத்திய மகாடு சவதார் குளப் போராட்டம் நினைவுக்கு வரும். 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது நினைவுக்கு வரும். பிள்ளைகள் அதைச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் "இந்தக் கதை தீண்டாமையைப் பற்றியது" என்று எழுதினால், எங்கே என்று நாங்களே கேட்போம். கந்தர்வன் அந்தக் கதையைத் தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்து எழுதியிருக்கிறார். வேங்கைவயலைப் பேச வேண்டுமென்றால் அடுத்த பத்தியில் பேசு: இந்தக் கதையில் தண்ணீருக்காக ஊரே ஓடுகிறது, நம் நாட்டில் தண்ணீர் இருந்தும் சிலருக்கு மறுக்கப்படுகிறது, இரண்டும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று எழுது. ஆதாரம் இல்லாமல் பேசுவது நம்மை ஒடுக்குகிறவர்களின் பழக்கம். நம் பக்கம் உண்மை இருக்கும்போது நமக்கு அந்தக் குறுக்குவழி எதற்கு?

இதில் நம் விடுதலைக்கு என்ன இருக்கிறது

பசிக்கும் பிள்ளைக்குப் பத்தி எழுதச் சொல்லித்தருகிறீர்களா என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறோம்.

முதலாவது, வகுப்பறையில் நம் பிள்ளைகளின் மானம். சாதி பற்றிய பாடம் வரும்போது நல்லெண்ணத்தோடேயே சில ஆசிரியர்கள் நம் பிள்ளையை எழுப்பிவிட்டு, "உன் அனுபவத்தைச் சொல்லுப்பா" என்கிறார்கள். அறுபது கண்கள் திரும்பிப் பார்க்கும். அந்தப் பிள்ளை தன் காயத்தை அவிழ்த்துக் காட்டினால்தான் பாடம் நடக்கும் என்றாகிவிடுகிறது. பனுவலை வைத்து எழுதும் பழக்கம் இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் பாமாவின் இளம்பருவ நினைவு வந்திருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழில் பூமணியின் 'உரிமைத் தாகம்' இருக்கிறது. இவற்றைப் பற்றி எழுதும்போது ஆதாரம் புத்தகத்தில் இருக்கிறது, பிள்ளையின் உடம்பில் இல்லை. விரும்பினால் தன் கதையைச் சொல்லட்டும். விரும்பாவிட்டால் பூமணியின் வரியைக் காட்டிப் பேசட்டும். அதே வேலையைப் பக்கத்து பெஞ்சில் இருக்கும் ஆதிக்க சாதிப் பிள்ளையும் செய்தாக வேண்டும். சாதியைப் பற்றி யோசிக்கும் பொறுப்பு நம் பிள்ளைக்கு மட்டும் என்று இருக்காது.

இரண்டாவது, காவல் நிலையம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. அதே 1989-ல் போடி சாதிக் கலவரத்தில் எரிந்ததை எங்கள் பெரியவர்கள் மறக்கவில்லை. அந்தச் சட்டத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது குற்றமாக நிற்க வேண்டுமென்றால், அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். 2020-ல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்டதை வைத்து அந்தப் பிரிவு பொருந்தாது என்று தள்ளியது. அந்தத் தீர்ப்பின் மீது நமக்கு விமர்சனம் உண்டு. ஆனாலும் நாளைக்குப் புகார் எழுதப்போகிறவர் அதைத் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும். "என்னைச் சாதி சொல்லித் திட்டினார்" என்று ஒற்றை வரியில் எழுதிய புகாருக்கும், எந்த இடம், எத்தனை மணி, யார் யார் நின்றார்கள், எந்தச் சொல்லைச் சொன்னார், அந்தச் சொல் ஏன் இழிவு என்று எழுதிய புகாருக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. சொல், காட்டு, விளக்கு. அதே மூன்று வேலை. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதியபின், கையெழுத்து வாங்கும் முன் படித்துக்காட்ட வேண்டும் என்பது அதிகாரிகளின் கடமை என்று 2015 திருத்தத்துக்குப் பின் அந்தச் சட்டத்தின் 4-ம் பிரிவு சொல்கிறது. படித்துக் காட்டும்போது, "நான் சொன்ன சொல் இதில் இல்லையே ஐயா" என்று நிறுத்திச் சொல்ல ஒருவர் வேண்டும். ஒரு கதையில் ஒரு சொல் மாறினால் என்ன மாறும் என்று பள்ளியிலேயே பழகிய பிள்ளை அதைச் சொல்லும்.

மூன்றாவது, நம் மரபு. இலக்கியத்தை ஆராய்வது நமக்குப் புதிதாகக் கிடைத்த சலுகை அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, திருக்குறளுக்கும் ஔவையின் நூல்களுக்கும் பௌத்த நோக்கில் சொல் சொல்லாக உரை எழுதினார். ஆரிங்டன் துரையிடம் வேலை பார்த்த தன் பாட்டனார் கந்தப்பன்தான் திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லீசிடம் சேர்த்தார் என்றும் பதிவு செய்திருக்கிறார். பண்டிதரின் எல்லா முடிவுகளையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. அவர் வழியிலேயே அவரையும் கேள்வி கேட்கலாம். ஆனால் ஒரு சொல்லுக்கு ஊர் சொல்லும் பொருளை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், எனக்குத் தெரியும் பொருள் இது, ஆதாரம் இது என்று அச்சில் நின்றாரே, அந்தத் துணிவு நம் பிள்ளைகளுக்கு வர வேண்டும்.

இந்தத் துணிவின் தேவை பழங்கதை இல்லை. 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழக ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து பாமாவின் 'சங்கதி'யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் நீக்கினார்கள். மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி'யும் போனது. கல்விக் குழு உறுப்பினர்கள் 15 பேர் எழுத்துப்பூர்வமாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தமிழ்நாட்டில் நாமும் கோபப்பட்டோம். அந்தக் கவிதை ஏன் பாடத்தில் இருக்க வேண்டும் என்று கவிதையைக் காட்டியே ஒரு பத்தி எழுதக்கூடியவர் நம் ஊரில் எத்தனை பேர்? கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். எழுதிவைத்த காரணம் அடுத்த கூட்டத்திலும் மேஜை மேல் இருக்கும்.

முடியாது என்பவர்களுக்கு

பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மை. ஐம்பது அறுபது தாள் திருத்துகிறவர் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் குறிப்பு எழுத முடியாது. வழிகாட்டி நூலில் இருக்கும் பதிலுக்கு மதிப்பெண் உறுதி என்பதும் உண்மை. முதல் தலைமுறையாகத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு அந்த உறுதி சின்ன விஷயமில்லை. அதனால் நயம் பாராட்டும் வாய்ப்பாட்டைத் தூக்கி எறி என்று யாருக்கும் சொல்லமாட்டோம். அதை மனப்பாடம் செய்யட்டும், மதிப்பெண்ணை வாங்கட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் வேறு விதமாகவும் எழுதட்டும்.

'சொல், காட்டு, விளக்கு' என்பதும் நாளைக்கு ஒரு வாய்ப்பாடாகிவிடாதா என்றும் கேட்கிறார்கள். ஆகலாம். அதைத் தடுக்க ஒரே வழி, எந்தப் பத்தியிலும் "ஏன்?" என்ற கேள்வியை விடாமல் கேட்பதுதான். மனப்பாடம் செய்த பதில் இரண்டாவது ஏனுக்குத் தாங்காது.

"இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராது, இவர்களுக்கு ஆராய்ச்சியா?" என்ற பேச்சுக்கு மட்டும் நாங்கள் பொறுமையாகப் பதில் சொல்வதில்லை. அந்தப் பேச்சு யாரைப் பார்த்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். விடியும் முன் அம்மா ஜீப்பில் ஏறிவிடுகிறாள். முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் போய் இருட்டும்போது இறங்குகிறாள். அதுவரை தம்பி தங்கைக்குச் சோறாக்கிப் போடுவது அந்தப் பிள்ளைதான். எழுத்துக்கூட்டுவதில் பின்தங்கியிருந்தால் அதற்கு நேரம் கிடைக்காதது காரணம், மூளை காரணமில்லை. கதையை வாசித்துக் காட்டுங்கள், வாயால் பதில் சொல்லட்டும். யோசிப்பதற்கு எழுத்துப் பிழை தடையில்லை.

எப்படித் தொடங்குவது

போடி வட்டாரத்தில் மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களுக்கும், இல்லம் தேடிக் கல்வியில் பணி செய்யும் தங்கைகளுக்கும், ஆதிதிராவிடர் நல விடுதிக் காப்பாளர்களுக்கும் எங்கள் யோசனை இது.

ஒரு வாரத்துக்கு ஒரு சின்னக் கதை அல்லது ஒரு கவிதை போதும். இரண்டு முறை சத்தமாக வாசியுங்கள். முதல் முறை கதைக்காக, இரண்டாம் முறை சொல்லுக்காக. பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியக் கூடாது, புத்தகத்திலிருந்து அப்படியே பார்த்து எழுதவும் முடியக் கூடாது. பிள்ளைகள் தங்கள் பதிலுக்கான இடத்தைப் பென்சிலால் அடிக்கோடிடட்டும். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் சொல்ல, மற்றவர் "எங்கே இருக்கு?", "அதனால என்ன?" என்று கேட்கட்டும். அதற்குப் பிறகுதான் எழுதுவது. ஆறிலிருந்து எட்டு வரி. அதற்கு மேல் வேண்டாம்.

முதல் எழுத்து பேச்சுத் தமிழில் வந்தால் தடுக்காதீர்கள். 1992-ல் வந்த பாமாவின் 'கருக்கு' நம் மக்களின் பேச்சு மொழியில் எழுதப்பட்டு, இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் படிக்கப்படுகிறது. பேச்சில் எழுதிய காரணத்தை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது அடுத்த வாரத்து வேலை. தேர்வுக்கு எழுத்துத் தமிழ் வேண்டும், அதையும் கற்றுக் கொடுத்தே ஆக வேண்டும். வரிசைதான் முக்கியம்: முதலில் காரணம், பிறகு நடை, கடைசியில் ஒற்றுப்பிழை. சிவப்பு மையை ஒற்றுப்பிழையில் தொடங்கினால் பிள்ளை அடுத்த முறை தெரிந்த சொல்லை மட்டும் எழுதும், தெரிந்த கருத்தை மட்டும் சொல்லும். ஒரு தாளில் ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். "நல்லா சொல்லியிருக்கே, எந்த வரியப் பாத்து சொன்னேன்னு மட்டும் சேத்துக்கோ" என்றால் போதும்.

மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும். அவர்களுக்கு வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து வாழ்வைச் சொல்லும் 'எரியும் பனிக்காடு' போன்ற நாவலிலிருந்து இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கினார். கங்காணி எப்படிப் பேசி ஆள் சேர்க்கிறார், எந்தச் சொல்லில் ஆசை காட்டுகிறார், எந்தச் சொல்லில் ஏமாற்று ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிப்பார்கள். இன்றும் கைபேசியில் வரும் வேலை விளம்பரங்களை அதே கண்ணால் படிப்பார்கள்.

பள்ளிக் கல்வித் துறையிடம் கேட்பது ஒன்றுதான். தமிழ்த் தாளில் ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, மனப்பாடத்தால் எழுத முடியாததாக வையுங்கள். பாடலைப் பாராட்டவும் மறுக்கவும் மாணவருக்கு உரிமை இருக்கட்டும், எதைச் சொன்னாலும் பாடலில் ஆதாரம் காட்டினால் மதிப்பெண் என்று விடைக்குறிப்பில் எழுதுங்கள். தேர்வில் வந்தால்தான் வகுப்பில் வரும்.

நம் அமைப்புகளிடமும் ஒரு கோரிக்கை. ஏப்ரல் 14 அன்று எல்லா ஊரிலும் பேச்சுப்போட்டி வைக்கிறோம். பெரியவர்கள் எழுதிக்கொடுத்ததைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள், நாம் கைதட்டுகிறோம். அடுத்த ஏப்ரலில் அதோடு பத்தி எழுதும் போட்டியும் வைப்போம். இரண்டு பக்கக் கதை ஒன்றை அங்கேயே கொடுத்து, ஒரு கேள்வி கேட்டு, ஒரு மணி நேரம் கொடுப்போம். சட்டமும் வரலாறும் சாத்திரமும் மூலநூலோடு படித்து, வரி வரியாக ஆதாரம் காட்டி எழுதியவரின் பிறந்தநாள் அது. பரிசுக்குக் கோப்பை வேண்டாம், ஒரு நல்ல நாவலும் ஒரு குயர் நோட்டும் கொடுப்போம்.

ஜெய் பீம்!